ஒரு துடிப்புக்குள் என்ன நடக்கிறது? எக்கோ அறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்டு ஸ்கேன், எடுப்பது என் வேலை. நெஞ்சில் ஜெல் தடவி, விலா எலும்புகளுக்கு நடுவே புரோபை வைத்து, இதயம் ஓடுவதைத் திரையில் பார்த்து அளந்து எழுதிக் கொடுக்க வேண்டும். அறையில் விளக்கை அணைத்திருப்போம், படுத்திருப்பவருக்கும் திரை தெரியும், அதனால் கேள்விகள் தானாக வரும். வருகிற ஆள்தான் மாறுகிறார், கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. வெளியே அடுத்தவர் காத்திருப்பதால் பாதிப் பதிலைத்தான் சொல்லி அனுப்ப முடிகிறது. மீதிப் பாதி இங்கே. ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: உங்கள் ரிப்போர்ட்டுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியவர் உங்கள் மருத்துவர்தான். இதயம் எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும்தான் நான் சொல்கிறேன்.

ஒரு துடிப்புக்கு எவ்வளவு நேரம் ஆகிறது?

நிமிடத்துக்கு 75 துடிப்பு என்று வைத்துக்கொண்டால் ஒரு துடிப்பு 0.8 நொடி. அதில் மேலறைகள் சுருங்க ஏறக்குறைய 0.1 நொடி, கீழறைகள் சுருங்க 0.3 நொடி, மிச்சமுள்ள 0.4 நொடியும் நான்கு அறைகளும் தளர்ந்து கிடக்கின்றன. (பள்ளியில் ஆரிக்கிள், வென்ட்ரிக்கிள் என்று படித்திருப்பீர்களே, அவைதான் மேலறையும் கீழறையும்.) அப்படியென்றால் பாதி நேரம் சும்மா இருக்கிறதா என்று கேட்பார்கள். சும்மா இல்லை, நிரம்பிக்கொண்டிருக்கிறது. இதயம் பிழிவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள், நிரம்புவதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு அதில் ஒரு சின்ன வருத்தம் உண்டு, அதனால் கீழே பல பதில்கள் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கும்.

ஒரு துடிப்பில் எவ்வளவு ரத்தம் வெளியே போகிறது?

ஓய்வாக இருக்கும் பெரியவருக்குச் சுமார் 70 மில்லி. டீக்கடை கிளாஸுக்கும் குறைவு. ஆனால் நிமிடத்துக்கு எழுபது எழுபத்தைந்து முறை என்றால் 5 லிட்டர் ஆகிவிடுகிறது, அதாவது உடம்பில் உள்ள மொத்த ரத்தமும் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய ஒரு சுற்று வந்துவிடுகிறது. நாள் முழுக்கக் கணக்குப் போட்டால் 7,000 லிட்டர், மொட்டை மாடியில் வைக்கிற ஆயிரம் லிட்டர் டேங்க் ஏழு. இத்தனையையும் 300 கிராம் எடையுள்ள ஒரு தசை ஒரு வாட்டுக்குச் சற்றுக் கூடுதலான சக்தியில் தள்ளுகிறது. வீட்டில் தண்ணீர் ஏற்றும் ஒரு ஹெச்.பி. மோட்டார் 746 வாட்.

இதயம் ஒரு பம்பா, இரண்டு பம்பா?

இரண்டு. பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிவைத்த இரண்டு பம்புகள். வலப்பக்கம் உடம்பிலிருந்து திரும்பி வரும் ரத்தத்தை வாங்கி நுரையீரலுக்கு அனுப்புகிறது, இடப்பக்கம் நுரையீரலிலிருந்து வருவதை வாங்கி உடம்பு முழுவதற்கும் அனுப்புகிறது. இரண்டும் ஒரே நேரத்தில்தான் சுருங்குகின்றன, ஆனால் ஒரே ரத்தம் முதலில் ஒன்றின் வழியாகவும் பிறகு மற்றதன் வழியாகவும் போக வேண்டும்.

இதிலிருந்து ஒரு விஷயம் வருகிறது, யோசித்தால் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும். இரண்டு பக்கமும் தள்ளுகிற அளவு சரிசமமாக இருந்தாக வேண்டும். வலப்பக்கம் துடிப்புக்கு ஒரே ஒரு மில்லி கூடுதலாகத் தள்ளினாலும் ஒரு மணி நேரத்தில் நான்கு லிட்டருக்கு மேல் நுரையீரலில் போய்த் தேங்கிவிடும். அப்படி நடக்காமல் பார்த்துக்கொள்வது மூளை இல்லை, இதயத் தசையேதான். எப்படி என்பதைப் படியேறும் கேள்வியில் சொல்கிறேன்.

அளவு ஒன்றுதான், அழுத்தம் வேறு. நுரையீரல் பக்கத்திலேயே இருக்கிறது, அதன் ரத்தக்குழாய்கள் இளகலானவை, அதனால் வலது கீழறைக்கு 25 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் போதும். இடது கீழறைக்கு 120 வேண்டும். கறிக்கடையில் ஒரு முழு ஆட்டு இதயம் வாங்கிக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், நான் சொல்லவே வேண்டியதில்லை: ஒரு பக்கச் சுவர் விரல் தடிமனுக்கு இறுகி நிற்கும், அதை ஒட்டி மறுபக்கம் தொளதொளவென்று மெல்லிசாக மடங்கிக் கிடக்கும்.

திரையில் சிவப்பும் நீலமும் தெரிகிறதே, நீலம்தானே கெட்ட ரத்தம்?

இல்லை. வாரத்தில் பத்துப் பேராவது இதைக் கேட்டுவிடுவார்கள். கலர் டாப்ளரில் புரோபை நோக்கி வரும் ரத்தத்துக்குச் சிவப்பும் விலகிப் போகும் ரத்தத்துக்கு நீலமும் காட்டுவது வழக்கம், அவ்வளவுதான். ஒரே ரத்தம் இடது கீழறைக்குள் நுழையும்போது சிவப்பாகத் தெரியும், உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனிக்கு வெளியேறும்போது நீலமாகத் தெரியும்.

நல்ல ரத்தம் கெட்ட ரத்தம் என்ற பேச்சையே விட்டுவிடலாம் என்பது என் கட்சி. உடம்பைச் சுற்றிவிட்டுத் திரும்பும் ரத்தத்தில், ஓய்வாக இருக்கும்போது, ஏற்றிச் சென்ற ஆக்சிஜனில் முக்கால் பங்கு அப்படியே இருக்கும். அது நீலமும் இல்லை, கரும் சிவப்பு. ஊசியில் எடுக்கும்போது நீங்களே பார்த்திருப்பீர்கள்.

சரி, ஒரு துடிப்புக்குள் வரிசையாக என்னதான் நடக்கிறது?

இடப்பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம், வலப்பக்கமும் இதையே குறைந்த அழுத்தத்தில் செய்கிறது.

கீழறை தளர்ந்து கிடக்கிறது. மேலறைக்கும் அதற்கும் நடுவே உள்ள மிட்ரல் வால்வு திறந்திருக்கிறது. நுரையீரலிலிருந்து வரும் ரத்தம் மேலறையில் தங்காமல் நேராகக் கீழே இறங்குகிறது. அதாவது யாரும் எதையும் பிழிவதற்கு முன்பே கீழறை பெரும்பாலும் நிரம்பிவிடுகிறது. அப்புறம் மேலறை ஒருமுறை சுருங்கி, கூடுதலாக ஒரு பங்கைத் தள்ளி விடுகிறது. இளவயதில் இந்தக் கடைசித் தள்ளு மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும், வயதாக ஆக அதன் பங்கு கூடும். இப்போது கீழறையில் சுமார் 120 மில்லி.

இனிக் கீழறை சுருங்கத் தொடங்குகிறது. உள்ளே அழுத்தம் மேலறையைவிடக் கூடிய அந்தக் கணமே மிட்ரல் வால்வு மூடிக்கொள்கிறது. பெருந்தமனி வால்வு இன்னும் திறக்கவில்லை, ஏனென்றால் பெருந்தமனியில் ஏற்கெனவே 80 அழுத்தம் நிற்கிறது. இரண்டு கதவும் சாத்தியிருக்க, ரத்தம் போக வழியில்லாமல், ஒரு சொட்டுகூட நகராமல், நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் தசை வெறுமனே இறுகுகிறது, அழுத்தம் மட்டும் விறுவிறுவென்று ஏறுகிறது. எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. அதற்குள் அழுத்தம் 80-ஐத் தாண்டிவிடும், பெருந்தமனி வால்வு படாரென்று திறக்கும், ரத்தம் பீறிடும். வெளியேறுவதில் பெரும்பங்கு ஆரம்பத்திலேயே போய்விடுகிறது, அழுத்தம் 120 வரை ஏறி இறங்குகிறது.

தசை தளரத் தொடங்கியதும் பெருந்தமனியில் உள்ள ரத்தம் திரும்பி விழப் பார்க்கும், பார்த்த மாத்திரத்தில் வால்வு மூடிக்கொள்ளும். உள்ளே இன்னும் 50 மில்லி மிச்சம் இருக்கிறது, கடைசிச் சொட்டுவரை இதயம் ஒருபோதும் பிழிவதில்லை. மறுபடியும் எல்லாக் கதவும் சாத்திய நிலை, இந்த முறை அழுத்தம் சரிகிறது. மேலறையைவிடக் கீழே போனதும் மிட்ரல் திறக்கிறது, காத்திருந்த ரத்தம் உள்ளே பாய்கிறது.

மேலறையில் ஏன் ரத்தம் காத்திருந்தது? கீழறை சுருங்கும்போது அதன் முனை ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கும், வால்வுகள் பதிந்திருக்கும் தளம்தான் முனையை நோக்கி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கீழே இறங்கும். தளம் இறங்கினால் மேலே உள்ள மேலறை நீள்கிறது, நீண்டால் ரத்தத்தை உள்ளே இழுக்கிறது. பிழிகிற அதே அசைவு அடுத்த துடிப்புக்கான ரத்தத்தையும் சேர்த்து வைத்துவிடுகிறது. எக்கோ திரையில் இது தெளிவாகத் தெரியும்: சுவர்கள் உள்ளே வருவதைவிட, அந்தத் தளம் மேலும் கீழும் பிஸ்டன் மாதிரி போய்வருவதுதான் முதலில் கண்ணில் படும்.

அப்படியானால் மிட்ரல் வால்வு ஒரு துடிப்புக்கு ஒருமுறைதான் திறக்குமா?

இரண்டு முறை. நல்ல கேள்வி, ஆனால் அபூர்வமாகத்தான் யாராவது கேட்பார்கள். கீழறை தளர்ந்ததும் வால்வின் இதழ்கள் அகலமாகத் திறக்கும், பாய்ச்சல் குறைந்ததும் பாதி மூடி மிதக்கும், மேலறை சுருங்கும்போது மறுபடி திறக்கும், பிறகு ஒரேயடியாக மூடும். இதழின் அசைவைக் கோடாக வரைந்தால் இரண்டு மலை முகடுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறு உள்ளவர்களுக்கு மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும், அவர்கள் வரைபடத்தில் இரண்டாவது முகடு இருக்காது.

லப் டப் என்பது தசை சுருங்கும் சத்தமா?

கதவு சாத்தும் சத்தம். மேலறை கீழறைகளுக்கு நடுவே உள்ள இரண்டு வால்வுகளும் மூடும்போது லப், பெருந்தமனி வால்வும் நுரையீரல் தமனி வால்வும் மூடும்போது டப். இதழ்கள் கைதட்டுவதுபோல் மோதுவதால் மட்டும் வருவதில்லை, சட்டென்று தடுத்து நிறுத்தப்பட்ட ரத்தமும் சுற்றியுள்ள சுவரும் அதிர்வதும் சேர்ந்துதான் அந்தச் சத்தம். லப்புக்கும் டப்புக்கும் நடுவே உள்ள சின்ன இடைவெளியில்தான் ரத்தம் வெளியேறுகிறது, டப்புக்கும் அடுத்த லப்புக்கும் நடுவே உள்ள நீண்ட இடைவெளியில் இதயம் நிரம்புகிறது.

ஆழமாக மூச்சை இழுத்தால் டப் இரண்டாகப் பிரிந்து கேட்கும், குறிப்பாக இளவயதினரிடம். மூச்சை இழுக்கும்போது வலப்பக்கத்துக்குக் கூடுதல் ரத்தம் வந்துவிடுகிறது, அதை வெளியேற்ற அதற்குச் சற்று அதிக நேரம் பிடிக்கிறது, அதனால் நுரையீரல் தமனி வால்வு கொஞ்சம் பிந்தி மூடுகிறது. நோய் எதுவும் இல்லை.

1816-இல் பாரிஸில் லென்னெக் என்ற மருத்துவர், ஒரு பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கத் தயங்கி, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் பிறந்தது அப்படித்தான். கூச்சத்தால் நடந்த நல்ல காரியங்களில் இது ஒன்று.

வால்வுகளைத் திறந்து மூடுவது எது?

எதுவும் இல்லை. வால்வு இதழ்களை இழுத்துத் திறக்க எந்தத் தசையும் கிடையாது, இரண்டு பக்க அழுத்த வித்தியாசத்துக்கு ஏற்ப அவை தாமாகத் திறந்து தாமாக மூடுகின்றன. வாய்க்கால் மடையில் நாம் பலகை போடுவதுபோல் இங்கே போடுகிறவர் யாரும் கிடையாது, தண்ணீர் திரும்பினால் பலகை தானே சாய்ந்து அடைத்துக்கொள்ளும்.

அப்படியானால் அந்த நரம்புமாதிரியான நூல்கள் எதற்கு என்று, ஆட்டு இதயத்தை வெட்டிப் பார்த்தவர்கள் கேட்பார்கள். இடது கீழறைக்குள் விரலை விட்டால் வெள்ளை வெளேரென்று, இழுத்தால் அறுபடாத நூல்கள் தட்டுப்படும். ஒரு முனை மிட்ரல் இதழின் ஓரத்திலும் மறுமுனை சுவரிலிருந்து துருத்தி நிற்கும் ஒரு தசை மேட்டிலும் பிணைந்திருக்கும். அவை வால்வைத் திறப்பதற்காக இல்லை. பலத்த காற்றில் குடை மேல்பக்கமாகப் புரண்டுபோகுமே, அதுபோல 120 அழுத்தத்தில் இதழ்கள் மேலறைக்குள் புரண்டுவிடாமல் பிடித்துவைக்கத்தான். கீழறை சுருங்கும்போது அந்தத் தசை மேடும் கூடவே சுருங்கி நூலை விறைப்பாக வைத்துக்கொள்கிறது.

பெருந்தமனி வால்வுக்கு நூலே கிடையாது. மூன்று குட்டிப் பைகள், ரத்தம் திரும்பினால் பைகள் நிரம்பி ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், வழி அடைபடும்.

நம் நாட்டில் மிட்ரல் வால்வு கெட்டுப்போவதற்கு ஒரு முக்கியக் காரணம் சின்ன வயதில் வரும் ருமாட்டிக் காய்ச்சல், தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமித் தொற்று வந்து சரியாகக் கவனிக்காமல் விட்டால் பின்னால் வருவது. இதழ்கள் தடித்து ஒட்டிக்கொள்ளும், திறக்காது, அல்லது மூடாது. மாற்று வால்வை இறக்குமதி செய்வது கட்டுப்படியாகாத காலத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனத்தில் இதய அறுவை மருத்துவர் வலியத்தானின் குழுவினர் உள்நாட்டிலேயே ஒன்றை உருவாக்கினார்கள், 1990-இல் முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தினார்கள். அதுவும் இதே தத்துவம்தான்: ஒரு வளையம், அதற்குள் சாய்ந்து திறந்து மூடும் ஒரு வட்டு, தள்ளுவது ரத்தம்.

துடி என்று இதயத்துக்குச் சொல்வது மூளையா?

மூளை ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும்தான் வைத்திருக்கிறது, எஞ்சின் இதயத்துக்குள்ளேயே இருக்கிறது. வலது மேலறையின் உச்சியில், பெருஞ்சிரை வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில், தானாகவே மின்துடிப்பை உண்டாக்கும் ஒரு சிறு திசுக் கூட்டம் இருக்கிறது, சைனஸ் முடிச்சு என்பார்கள். 1907-இல் இங்கிலாந்தில் கீத், ஃபிளாக் என்ற இருவர் அதைக் கண்டறிந்து சொன்னார்கள். சும்மா விட்டால் அது நிமிடத்துக்கு நூறை ஒட்டி அடிக்கும். வேகஸ் நரம்பு எந்நேரமும் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டிருப்பதால்தான் நமக்கு எழுபது. இதயமாற்று அறுவையில் நரம்புகள் அறுபட்டுவிடுவதால், மாற்று இதயம் பெற்றவர்களுக்கு ஓய்வில்கூட 90, 100 என்று ஓடும்.

சைனஸ் முடிச்சிலிருந்து கிளம்பிய மின் அலை மேலறைகளில் பரவி, கீழறைக்குப் போகும் ஒரே வாசலான ஏ.வி. முடிச்சில் பத்தில் ஒரு பங்கு நொடி தாமதமாகிறது. ஜெர்மனியில் ஆய்வு செய்த ஜப்பானியர் தவாரா 1906-இல் விவரித்தது இந்த முடிச்சைத்தான். தாமதம் ஒரு குறை இல்லை, மேலறை தன் ரத்தத்தை இறக்கி முடிப்பதற்கான அவகாசம். ரயில் கிளம்புவதற்கு முன் கடைசி ஆள் ஏறட்டும் என்று கார்டு காத்திருப்பது மாதிரி. அப்புறம் அலை வேகமான கம்பிகள் வழியாக நேராக முனைப் பக்கம் இறங்கி அங்கிருந்து மேலே ஏறுகிறது, ஏனென்றால் வெளியேறும் வாசல் மேலே இருக்கிறது. பேஸ்ட் ட்யூபை அடியிலிருந்து அழுத்துகிறவர்களுக்குப் புரியும். நடுவில் அழுத்துகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

கையை மூடுவதுபோல்தானே இதயம் சுருங்குகிறது?

ஈரத்துணியைப் பிழிவது இன்னும் பொருத்தம். கீழறைச் சுவரில் உள்ளடுக்குத் தசைநார்கள் ஒரு பக்கமாகவும் வெளியடுக்கு எதிர்ப்பக்கமாகவும் சுருள்சுருளாகச் சுற்றியிருக்கின்றன, அதனால் சுருங்கும்போது முனை ஒரு திசையிலும் மேல்பகுதி எதிர்த்திசையிலும் திருகுகின்றன. இப்படித் திருகுவதால் ஒரு பெரிய லாபம்: தசைநார் ஒவ்வொன்றும் தன் நீளத்தில் ஆறில் ஒரு பங்கை ஒட்டித்தான் குறைகிறது, ஆனால் அறையிலிருந்து பாதிக்கு மேல் ரத்தம் வெளியேறிவிடுகிறது. இன்னொரு லாபம், திருகிய துணியை விட்டால் அது தானே விரியுமே, அதேபோல இதயமும் சட்டென்று விரிந்து மேலறையிலிருந்து ரத்தத்தை உறிஞ்சிக்கொள்கிறது.

ரிப்போர்ட்டில் இ.எஃப். 60 சதவீதம் என்று போட்டிருக்கிறது. இதயம் 60 சதவீதம்தான் வேலை செய்கிறதா?

இல்லவே இல்லை, 60 நல்ல எண். நிரம்பிய ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒரு துடிப்பில் வெளியேறுகிறது என்பதுதான் இ.எஃப். 120 மில்லியில் 70 போனால் 58 சதவீதம். 55-லிருந்து 70 வரை வழக்கமான அளவு. நூறு யாருக்கும் வராது, வந்தால் இதயம் ஒவ்வொரு முறையும் காலியாகிவிட்டது என்று அர்த்தம். ஒருமுறை பரிசோதனை முடிந்து வெளியே போன பெரியவர் ரிப்போர்ட்டோடு திரும்பி வந்து, 'ஃபர்ஸ்ட் கிளாஸ்தானே தம்பி?' என்றார். ஆமாங்கய்யா என்றேன். அதைவிட நல்ல விளக்கம் எனக்கு அன்று தோன்றவில்லை.

இ.எஃப். நன்றாக இருந்தால் எல்லாமே நன்றாக இருக்கிறது என்றும் அர்த்தம் இல்லை. அது பிழிவதை மட்டும் அளக்கிறது. சுவர் விறைத்துப்போன கீழறையில் 80 மில்லிதான் நிரம்புகிறது, அதில் 48 வெளியே போகிறது என்றால் அதுவும் 60 சதவீதம்தான். ஆனால் உடம்புக்குப் போய்ச் சேர்வது 48.

'கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்' என்று எழுதியிருக்கிறதே, பயப்பட வேண்டுமா?

ஐம்பது அறுபது வயதைத் தாண்டியவர்களின் ரிப்போர்ட்டுகளில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் வரி இது. கீழறை தளர்வதில் கொஞ்சம் மந்தம் என்று அர்த்தம். முதல் பாய்ச்சல் குறைந்து, மேலறையின் கடைசித் தள்ளு கூடியிருக்கும், அதாவது மேலே சொன்ன இரண்டு முகடுகளில் முதலாவது குட்டையாகி இரண்டாவது உயர்ந்திருக்கும். ரத்த அழுத்தம், சர்க்கரை இருக்கிறதா என்பதோடு சேர்த்து மருத்துவர் பார்ப்பார்.

தளர்வது என்றால் சும்மா விட்டுவிடுவது என்று நினைக்கிறோம். தசைச் செல் சுருங்குவதற்கு உள்ளே கால்சியம் வெள்ளமாக வர வேண்டும், தளர்வதற்கு அந்தக் கால்சியத்தை மறுபடி செல்லுக்குள் இருக்கும் சேமிப்புப் பைகளுக்கு இறைத்து அனுப்ப வேண்டும். வெளியே வருவது பள்ளத்தில் ஓடும் தண்ணீர், திருப்பி அனுப்புவது மேட்டுக்கு இறைக்கும் தண்ணீர், அதற்கு எரிபொருள் செலவாகும். அதனால் பல நோய்களில் பிழியும் திறன் குறைவதற்கு முன்பே தளரும் திறன் குறையத் தொடங்கிவிடும்.

இதயம் ஓய்வே எடுக்காதா? அதற்கு ரத்தம் எப்போது கிடைக்கிறது?

துடிப்புக்குத் துடிப்பு எடுக்கிறது, சேர்த்துவைத்து எடுப்பதில்லை. தனக்கு வேண்டிய ரத்தத்தையும் அந்த ஓய்வில்தான் பெரும்பாலும் வாங்கிக்கொள்கிறது. உள்ளே ரத்தம் நிறைந்திருந்தாலும் அந்தத் தடித்த சுவருக்கு அது உதவாது. பெருந்தமனி தொடங்கும் இடத்திலேயே பிரியும் கரோனரி தமனிகள்தான் வெளிப்பக்கமாகப் படர்ந்து சுவருக்குள் இறங்குகின்றன. இடது கீழறை சுருங்கும்போது தன் சுவருக்குள் ஓடும் நுண்குழாய்களையே நசுக்கிவிடுகிறது, தளர்ந்த பிறகுதான் அவை திறக்கின்றன. ஊருக்கெல்லாம் பரிமாறிவிட்டு அப்புறம் சாப்பிட உட்கார்கிற வீட்டுக்காரி கதை.

துடிப்பு வேகமானால் சுருங்கும் நேரம் கொஞ்சம்தான் குறையும், தளரும் நேரம்தான் பெரிதாக அடிபடும். கரோனரியில் அடைப்பு உள்ளவர் வேகமாக நடக்கும்போது நெஞ்சு இறுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்: வேலை கூடுகிறது, சாப்பாட்டு நேரம் குறைகிறது.

துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே ரத்தம் ஓடாமல் நின்றுவிடாதா?

ஆர்மோனியம் பார்த்திருக்கிறீர்களா? பின்பக்கத் துருத்தியைக் கை இடைவெளி விட்டுத்தான் அழுத்துகிறது, ஆனால் சுரம் அறுந்து அறுந்து வருவதில்லை, உள்ளே இன்னொரு துருத்தி காற்றைத் தேக்கி வைத்துச் சீராக விடுகிறது. பெருந்தமனி அந்த உள்துருத்தி. இதயம் தள்ளும்போது அதன் மீள்தன்மையுள்ள சுவர் உப்பி ரத்தத்தைத் தேக்கிக்கொள்கிறது, வால்வு மூடிய பிறகு சுவர் மெல்லச் சுருங்கி அந்த ரத்தத்தை முன்னே தள்ளுகிறது. அதனால்தான் இதயத்துக்குள் அழுத்தம் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்கினாலும் உங்கள் கையில் பி.பி. 80-க்குக் கீழே போவதில்லை. 120/80 என்றால் மேல் எண் தள்ளலின் உச்சம், கீழ் எண் அடுத்த தள்ளலுக்குச் சற்று முன் மிச்சம் இருப்பது. வயதாகிச் சுவர் விறைத்தால் தேக்கும் திறன் குறையும், மேல் எண் மட்டும் ஏறும்.

நாடி பிடிக்கும்போது விரலில் தட்டுவது இதயத்திலிருந்து அப்போது கிளம்பிய ரத்தமா?

அலைதான், ரத்தம் இல்லை. தண்ணீர் நிறைந்த குழாயின் ஒரு முனையில் தட்டினால் மறுமுனையில் உடனே தெரியும், தட்டிய இடத்துத் தண்ணீர் அங்கே போய்ச் சேர்ந்திருக்காது. நாடி அலை நொடிக்கு ஐந்து மீட்டருக்கு மேல் ஓடும். ரத்தம் அதைவிட மிக மெதுவாகத்தான் வரும், நுண்குழாய்களில் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகராது.

படியேறினால் இதயம் எப்படிச் சமாளிக்கிறது?

துடிப்பை வேகப்படுத்துவது பாதி. மீதிப் பாதி, சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? கால் தசைகள் சிரைகளை அழுத்தி ரத்தத்தை மேலே அனுப்புகின்றன, சிரை வால்வுகள் அது கீழே இறங்காமல் பார்த்துக்கொள்கின்றன, ஆழ்ந்த மூச்சு அதை நெஞ்சுக்குள் இழுக்கிறது. கூடுதலாக வந்த ரத்தம் கீழறைச் சுவரை இழுத்து நீட்டுகிறது. இதயத் தசையின் குணமே, நீண்டால் அடுத்த துடிப்பில் இன்னும் பலமாகச் சுருங்கும். ஃபிராங்க்–ஸ்டார்லிங் விதி என்று பெயர். வலப்பக்கமும் இடப்பக்கமும் சரிசமமாகத் தள்ளுவதும் இதனால்தான்: வலது கூடுதலாக அனுப்பினால் அது இடதுக்கு வந்து சேரும், இடது கூடுதலாக நிரம்பும், அதனாலேயே கூடுதலாகத் தள்ளும். யாரும் கணக்கெடுக்கத் தேவையில்லை. கடும் உழைப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டருக்கு மேலும் தள்ள முடியும்.

ஒரு துடிப்பு விட்டுப்போய் அப்புறம் தொம்மென்று அடிக்கிறதே?

பெரும்பாலும் ஒரு துடிப்பு விட்டுப்போவதில்லை, முந்திக்கொண்டு வருகிறது. நிரம்புவதற்குள் சுருங்கிவிடுவதால் அதில் வெளியேறும் ரத்தம் குறைவு, உங்களுக்கு அது தெரியாமலே போய்விடும். பிறகு ஒரு நீண்ட இடைவெளி, அதில் கீழறை வழக்கத்தைவிட அதிகம் நிரம்பும், அடுத்தது பலமாக விழும். தொம் என்பது அதுதான். எப்போதாவது எல்லோருக்கும் வரும். அடிக்கடி வந்தால், தலைசுற்றலோடு வந்தால் போய்க் காட்டுங்கள்.

ரத்தம் சுற்றி வருகிறது என்று யார் கண்டுபிடித்தது?

வில்லியம் ஹார்வி, 1628-இல் வெளியான அவருடைய லத்தீன் நூலில். அதற்கு முன் ஐரோப்பாவில், கல்லீரலில் புதிது புதிதாக உண்டாகும் ரத்தத்தை உடம்பு தீர்த்துவிடுகிறது என்றே நம்பினார்கள். ஹார்வி ஒரு பெருக்கல் கணக்குத்தான் போட்டார்: ஒரு துடிப்புக்கு இவ்வளவு, அரைமணி நேரத்துக்கு இத்தனை துடிப்பு, மொத்தம் உடம்பில் இருக்கிற ரத்தத்தைவிட அதிகமாக வருகிறதே, அப்படியானால் போனதே திரும்பி வந்தாக வேண்டும். நுரையீரல் வழியாக ரத்தம் கடப்பதை அரபு மருத்துவர் இப்னு அல் நஃபீஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருந்தார். தமனியையும் சிரையையும் இணைக்கும் நுண்குழாய்களை மால்பீகி தவளையின் நுரையீரலில் பார்த்தது 1661-இல், அப்போது ஹார்வி உயிரோடு இல்லை.

இதயம் நின்றவரின் நெஞ்சைக் கையால் அழுத்தினால் உண்மையிலேயே ரத்தம் ஓடுமா?

ஓடும், வழக்கமான அளவில் கால் பங்கு ஓடினாலே பெரிய விஷயம், ஆனால் மூளையைக் காப்பாற்ற அது உதவும். நெஞ்சின் நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்கு ஐந்து சென்டிமீட்டர் ஆழம். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் கையின் கனத்தை முழுக்க எடுத்து நெஞ்சு மேலே வர விட வேண்டும். பதற்றத்தில் சாய்ந்தபடியே அழுத்துகிறவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். நெஞ்சு மேலே வந்தால்தான் இதயம் நிரம்பும், நிரம்பினால்தான் அடுத்த அழுத்தத்தில் ஏதாவது வெளியே போகும். முதலில் 108-க்குப் போன் போடச் சொல்லுங்கள், பிறகு நிறுத்தாமல் அழுத்துங்கள்.

எக்கோ எடுக்கும்போது ஏன் இடப்பக்கமாகத் திரும்பிப் படுக்கச் சொல்கிறீர்கள்?

மல்லாந்து படுத்தால் நுரையீரல் இதயத்துக்கு முன்னால் வந்து மறைக்கும், அதில் உள்ள காற்றை அல்ட்ராசவுண்டு தாண்டாது. இடப்பக்கம் சாய்ந்தால் இதயம் விலா எலும்பை ஒட்டி வந்துவிடும். இடது கையைத் தலைக்கு மேலே தூக்கச் சொல்வது எலும்புகளின் இடைவெளி கொஞ்சம் அகலுவதற்காக. மூச்சை வெளியே விட்டு நிறுத்துங்கள் என்பதும் நுரையீரலை ஒதுக்கத்தான், ஐந்தாறு துடிப்பு பதிவாகும்வரை போதும், மூக்கைப் பிடித்துக்கொண்டு முகம் சிவக்கவெல்லாம் வேண்டாம். ஜெல் சில்லென்று இருப்பது ஏசியால்.